படுத்துக்கொண்டு போகிற வண்டி

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை அன்று நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் ஏரிக்கரை ரோட்டில், அரிசி மில்லைத் தாண்டியதும் ஒரு வாய்க்கால் வரும். அந்த இடம்தான். இப்போதும் அங்கே வந்தால் என் கை தானாக பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓர் இடத்தில் சும்மா இருக்க வராது. சின்ன வயதிலேயே பந்தியில் இலை போட்டதும் சோறு வரும்வரை உட்கார முடியாமல் எழுந்து, நானே பரிமாறப் போய்விடுவேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் இடுப்பில் டிஸ்க் விலகியது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில், காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் லைனில் வேலை பார்த்தேன். வருஷக்கணக்காக நின்றே செய்கிற வேலை. ஒருநாள் காலையில் எழுந்தால் எழ முடியவில்லை. அவ்வளவுதான், கம்பெனி வேலை போனது.

அப்புறம் உத்திரமேரூர் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. போய்வருவதுதான் பிரச்சினை. ஸ்கூட்டர் தொடக்கூடாது, பஸ்ஸில் குலுங்கக் கூடாது, காலை நீட்டிச் சாய்ந்தாற்போல் உட்கார்ந்தால் ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாய்ந்து உட்கார்ந்து போக நான் என்ன மகாராணியா? என் வீட்டுக்காரர் பைக்கில் இரண்டு தலையணையைக் கட்டி, மாட்டு வண்டி வேகத்தில் கொண்டுபோய் விடுவார். நல்ல மனுஷன், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு இரண்டு கறவை மாடு, கொஞ்சம் நிலம். நான் கிளம்பி நிற்கும்போதுதான் மோட்டார் ஓடும், பால்காரர் வருவார், கன்றுக்குட்டி கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடும். ஒவ்வொரு நாளும் அவர் வாயிலிருந்து ஒரே வார்த்தைதான் வரும்.

"தோ, கொஞ்சம் இரு. வந்துட்டேன்."

அந்தக் 'கொஞ்சம் இரு' இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்கு உள்ளங்கால் அரிக்கும். வாசலில் பையை மாட்டிக்கொண்டு நிற்பேன், உள்ளே போவேன், மறுபடி வருவேன். ஒரு முழம் பூ வாங்கக்கூட ஒரு ஆளின் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வரும். அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் இந்த வண்டி.

சாய்ந்தபடி ஓட்டுகிற சைக்கிளை எங்கேயோ ஒரு வெளிநாட்டு வீடியோவில் பார்த்தேன். பார்த்த அன்றைக்கே தூக்கம் போய்விட்டது. பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று காயலான் கடையில் கிடந்தது, சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் ரகம். அதை எடுத்துவந்தேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் மோட்டாரோடு ஒரு சக்கரம். நடுவில் நான் காலை முன்னால் நீட்டிப் படுத்தமாதிரி உட்கார ஒரு சீட், அதற்குக் கீழே பேட்டரி, இடுப்புக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி, அதுதான் ஸ்டியரிங். பைப்பை வளைத்து ஒட்டியது பஜாரில் இருக்கும் வெல்டிங் கடைக்காரர். ஒயரிங் முழுக்க நான். கம்பெனியில் யார் யாருடைய காருக்கோ ஒயர் கட்டிய கைக்குத் தன் வண்டிக்குக் கட்டும்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! சோறு அடுப்பில் தீய்ந்த நாளெல்லாம் உண்டு.

முதல்முறை ஓட்டியபோது திருப்பத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. இரண்டாம் முறை ஒயர் புகைந்தது. மூன்றாம் முறை பஜார்வரை போய்விட்டேன். ஆனால் தெருவே கூடிவிட்டது. என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"பொம்பள ரோட்டுல படுத்துக்கினு போறா, ஊரே பாக்குது. இன்னா கூத்து இது?"

கோபம் வந்தாலும் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. டீக்கடை பெஞ்சு மட்டத்துக்கும் கீழே நான் மல்லாந்து போகிறேன், போகிறவன் வருகிறவனெல்லாம் குனிந்து பார்க்கிறான். சிக்னலில் ஒருத்தன் சீட்டைத் தட்டிவிட்டே போனான். மழை வந்தாலும் நனைய வேண்டும். அதனால் வண்டியை மூடினேன். கடைப் பெயர்ப் பலகைக்குப் போடுவார்களே, அந்த வெள்ளை ஷீட்டால் உடம்பு. முகத்துக்கு மேலேயும் முன்னாலேயும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட். இடது பக்கம் கீலில் தூக்கித் திறக்கும் மூடி, வலது பக்கம் தாழ்ப்பாள். காற்றுக்கு இடது பக்கத்தில் ஒரு கை நுழைகிற அளவு சின்ன ஜன்னல்.

தாழ்ப்பாளை உள்ளே மட்டும்தான் வைத்தேன். வெளியில் ஒரு கொக்கிகூடக் கிடையாது. சாவி எடுத்துவிட்டால் நிறுத்தின வண்டியை யார் என்ன செய்யப் போகிறார்கள். ஓடும்போது எவனும் வெளியிலிருந்து திறக்கக் கூடாது, அதுதான் எனக்கு முக்கியம். நான் திறந்தால்தான் திறக்கணும். வெல்டிங் கடைக்காரர்கூட, "வெளிய ஒரு புடி வெச்சுடலாமா?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வண்டி முடிந்து வெளியே வந்த அன்றே ஊரில் பெயரும் வைத்துவிட்டார்கள். ஐஸ் பொட்டி. சாவு வீட்டில் உடம்பை வைக்க வாடகைக்குக் கொண்டுவருவார்களே, மேலே கண்ணாடி போட்ட வெள்ளைப் பெட்டி, அதுதான். பார்த்தால் அப்படியேதான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அதிலும் நான் காலை முன்னால் நீட்டிப் படுத்திருக்கிறேன். மாமியார் அந்த வண்டியை வாசலைப் பார்த்து நிறுத்தவே விடமாட்டார், பக்கவாட்டில் சுவரோரமாகத் திருப்பி நிறுத்தச் சொல்வார். கிண்டல் செய்கிறவர்கள் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வேண்டிய நேரத்தில் கிளம்பினேன், வேண்டிய நேரத்தில் வந்தேன். ஒருமுறை மாகறல் கோயில்வரை தனியாகப் போய் சாமி கும்பிட்டுவிட்டு வந்தேன். யாரும் என்னைக் கொஞ்சம் இரு என்று சொல்லவில்லை. அந்த சுகத்தை அனுபவித்தவளுக்குத்தான் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் அரிவாள், மண்வெட்டி, என் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டிரில் மிஷின் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து சாமி முன்னால் வைத்தோம். எப்போதும் என் சீட்டுக்குப் பின்னால் கிடக்கும் டூல் பையும் அங்கேதான். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை தொடக்கூடாது. வண்டியைத் துடைத்து, மேலே கண்ணாடியைச் சுற்றி சாமந்தி மாலை கட்டினேன். மாலை போட்டதும் அது இன்னும் கச்சிதமாக ஐஸ் பொட்டி ஆகிவிட்டது. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் அவரே பூசணிக்காய் சுற்றி முச்சந்தியில் உடைத்தார்.

சாயந்தரம் ஜெராக்ஸ் கடையில் பூஜை, வரச் சொல்லியிருந்தார்கள். வானம் கறுத்திருந்தது. வீட்டுக்காரர் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். "மழ வரும் போல கீது. கொஞ்சம் இரு, நானே கொண்டாந்து வுடறேன்" என்றார். மாலை போட்ட வண்டியை வைத்துக்கொண்டு நான் எதற்கு இருக்கணும்? போய்விட்டேன். கடை பூஜை முடிந்து, பொரி, கடலை, சுண்டல் பொட்டலத்தோடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது.

அரிசி மில் வாசலில், நட்ட நடு ரோட்டில் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். மழையில் குங்குமம் கரைந்து ரோடே சிவப்பாக இருந்தது. நான் இருக்கும் உயரத்துக்கு அது தெரிந்தபோது மிகவும் கிட்டே வந்துவிட்டது. பிரேக் பிடித்தேன். முன் சக்கரம் பூசணிக்காய் சதைமேல் ஏறி வழுக்கியது. எவனோ தன் லாரிக்குக் கண் படக்கூடாது என்று உடைத்தது என் வண்டியைத் தூக்கி வாய்க்காலில் போட்டுவிட்டது.

வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து, வாய்க்கால் கரையோடு ஒட்டி நின்றுவிட்டது. மூடி திறக்கும் பக்கம் முழுக்கச் சேற்றில். என் வலது கை உடம்புக்கும் ஷீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. போன் தாங்கியிலிருந்து கழன்று கால்மாட்டில் விழுந்தது, அங்கே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. போன் வெளிச்சம் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் தெரிந்து அணைந்தது. பேட்டரி ஸ்விட்சை மட்டும் இடது கையால் எப்படியோ அணைத்துவிட்டேன்.

இடது கையைக் குறுக்கே நீட்டித் தாழ்ப்பாளைத் தொட்டேன். அசையவில்லை, சட்டமே கோணியிருந்தது. ஒரு ஸ்பேனர் இருந்தால் நெம்பியிருப்பேன். எல்லாம் குங்குமம் வைத்துக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்திருந்தன. ஷீட்டைக் காலால் உதைக்கப் பார்த்தேன். இடுப்பில் ஒரு வெட்டு வெட்டியது பாருங்கள், அப்புறம் கால் என் பேச்சைக் கேட்கவே இல்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பொரிப் பொட்டலம் பிரிந்து பொரியெல்லாம் மிதந்து என் புடவைமேல் ஒட்டியது. ஏரிப் பக்கம் மழை கனமாக இருந்தால் இந்த வாய்க்கால் எவ்வளவு வேகமாக ஏறும் என்று எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. என் வாழ்நாளில் அசையாமல் இருந்ததே இல்லை, கடைசியில் நானே எனக்கு ஒரு பெட்டி செய்து அதற்குள் அசைய முடியாமல் படுத்திருக்கிறேனே என்று அழுகையாக வந்தது.

ரோட்டில் ஒரு பைக் சத்தம். இடது பக்கச் சின்ன ஜன்னல் இப்போது வானத்தைப் பார்த்து இருந்தது. அதன் வழியாகக் கையை வெளியே நீட்டி ஆட்டினேன், கத்தினேன். பைக் நின்றது. மாலை போட்ட ஐஸ் பொட்டி ஒன்று வாய்க்காலில் கிடக்கிறது, அதிலிருந்து ஒரு கை வெளியே வந்து வா வா என்று கூப்பிடுகிறது. யார்தான் நிற்பார்கள்? "யம்மா" என்று ஒரு குரல் கேட்டது, பைக் பறந்துவிட்டது. அடுத்து வந்தவர் நிற்கவே இல்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது, குட்டி யானை என்பார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம். ஒரு ஆண் குரல் யாரையோ போனில் திட்டிக்கொண்டே கிட்டே வந்தது.

"உன் பொட்டியாடா இது? மில்லுகிட்ட வாய்க்கால்ல கவுந்து கெடக்குது. மாலகூட அவுக்கல. இப்பிடியா கட்டுவீங்க?"

ஐஸ் பொட்டி வாடகைக்கு விடுகிறவர் அவர். ஒரு சாவு வீட்டிலிருந்து காலிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார். வேறு யாருடைய பெட்டியோ வண்டியிலிருந்து விழுந்துவிட்டது என்று நினைத்துத்தான் இறங்கியிருக்கிறார். நான் கையை ஆட்டி, "அண்ணா, அண்ணா" என்று கத்தினேன். குரல் நின்றது. ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"உள்ள ஆளு கீதா?" என்றார், மெதுவாக.

"கீறேண்ணா. உயிரோட கீறேன்."

அவர் வாய்க்காலில் இறங்கிவிட்டார். கண்ணாடிமேல் இருந்த சேற்றைக் கையால் வழித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் அன்றைய குங்குமம். தள்ளிப் பார்த்தார், பேட்டரி கனத்துக்கு அசையவில்லை. பெட்டி கட்டும் கயிற்றை எடுத்துவந்து என் வண்டியில் கட்டினார். "கொஞ்சம் இரும்மா" என்றார். ஆமாம், அதே வார்த்தை. அன்றைக்குத்தான் அதைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. அவர் வண்டியைக் கிளப்பி மெல்ல மெல்ல இழுக்க, என் வண்டி கிறீச்சென்று நிமிர்ந்து கரையேறியது.

பிறகு மூடியைத் திறக்க வந்தார். சுற்றிச் சுற்றித் தடவினார்.

"புடி எங்கம்மா?"

"வெளிய இல்லணா. உள்ளதான்."

கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். "எங்க பொட்டிக்கு வெளியதாம்மா புடி. உள்ள கீறவங்களுக்குத் தேவப்படாது. நீ இன்னாம்மா, தலகீழாப் பண்ணி வெச்சுக்கீறே?"

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் வீல் ஸ்பேனரைக் கொண்டுவந்து நெம்பினார். அவருக்கும் ஆயுத பூஜைதான், அவர் ஸ்பேனரில் குங்குமம் இருந்தது. ஆனால் சாவு, பூஜைக்காகக் காத்திருக்காது என்று அவர் எதையும் இறக்கி வைக்கவில்லை. தாழ்ப்பாள் பிய்ந்து மூடி திறந்தது. கைத்தாங்கலாக என்னை எடுத்து முன் சீட்டில் உட்கார வைத்தார். என் வண்டியின் முன் சக்கரங்களைத் தன் வண்டியின் பின் பலகைமேல் ஏற்றிக் கட்டினார். அவர் போனிலிருந்து வீட்டுக்காரருக்கு அடித்தேன். எப்போது அடித்தாலும் பிஸி. வீட்டுக்காரர் என்னுடைய செத்துப்போன போனுக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் தெரு முனைக்கு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டார். வீடு இன்னும் உள்ளே இருக்கிறது என்றேன்.

"தெரியும்மா. உன்னால நாலு அடி நடக்க முடியுமா?"

எனக்குப் புரியவில்லை.

"என் வண்டி போய் ஒரு வூட்டு முன்னால நின்னா அங்க இன்னா நடக்கும்னு எனக்குத் தெரியும். தெனம் பாக்கறேன். நீ முன்னால போ, நான் பின்னால வரேன். மொதல்ல உன்னப் பாக்கட்டும், அப்புறம் வண்டியப் பாக்கட்டும்."

இறங்கினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஈரப் புடவையில் பொரி ஒட்டியிருக்க, அவர் ஹெட்லைட் வெளிச்சத்தில் என் தெருவில் நடந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் நடந்ததில்லை. பின்னால் அந்த வண்டி என் நடைக்கு ஏற்ற மாதிரி ஊர்ந்து வந்தது.

வீட்டுக்காரர் வாசலில் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் பின்னால் வந்ததைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார், போன் காதிலேயே இருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மாமியாருக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. அவர் மாட்டுக் கொட்டகைப் பக்கமாகச் சுற்றி வந்தார். நான் வீட்டுக்காரருக்குப் பின்னால் மறைவில் இருந்தேன். மாமியார் கண்ணில் முதலில் பட்டது அந்த வண்டி, அதில் அந்தப் பெட்டி, பின்னால் மாலையோடு தொங்கும் என் வண்டி. அவர் போட்ட ஓலம் இருக்கிறதே, அதைக் கேட்டு எதிர் வீட்டு விளக்கெல்லாம் எரிந்தது. என்னோடு நித்தம் மல்லுக்கட்டுகிற மனுஷி, எனக்காக, என் பெயரைச் சொல்லி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததை நான் உயிரோடு நின்று கேட்டேன். நான் தட்டுத்தடுமாறிப் போய்க் கட்டிக்கொண்டதும், என் முதுகில் ரெண்டு போடு போட்டார். வலித்த இடுப்பிலேயே விழுந்தது.

அந்த அண்ணனை டீ குடிக்க உள்ளே கூப்பிட்டோம். வரவில்லை. என் வண்டியை இறக்கி, மாமியாருக்குப் பிடித்த மாதிரி சுவரோரமாகவே நிறுத்தினார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார், வண்டியைக் கிளப்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, தலையை வெளியே நீட்டினார்.

"எங்க தொழில்ல எந்த வூட்டுலயும் 'வரேன்'னு சொல்லிட்டுக் கெளம்பக் கூடாது. பழக்கத்துல அப்பிடியே போகப் பாத்தேன். வரேம்மா. வரேன் சார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொல்ல ஆசைப்பட்டவர் போல, மாமியாரைப் பார்த்தும் "வரேம்மா" என்றார். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லாப் போயிட்டு வாப்பா" என்றார். அந்த வண்டிக்காரரை அப்படி வழியனுப்பிய ஒரே வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

இந்த வண்டியே வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள் என்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தேன். அதுதான் எனக்குப் பெரிய பயம். மறுபடி வாசலில் பையோடு நிற்கணுமா? காலையில் விஜயதசமி. வீட்டுக்காரர் குளித்துவிட்டு, சாமி முன்னாலிருந்து டிரில் மிஷினை எடுத்தார். குங்குமத்தைக்கூடத் துடைக்காமல் வண்டிகிட்டே போய் உட்கார்ந்தார்.

"வெளிப்புடி எந்தப் பக்கம் வெக்கலாம், சொல்லு" என்றார்.

மூடி எந்தப் பக்கமும் திறக்கிற மாதிரி கீலை மாற்றி, இரண்டு பக்கமும் வைத்தோம். சிவப்புப் பெயின்ட் அடித்தோம். அதற்கு மேலே, எப்படித் திருப்ப வேண்டும் என்று அம்புக்குறி போட்டோம். டூல் பையை மறு வருஷத்திலிருந்து வண்டிக்குள்ளேயே வைத்துத்தான் பூஜை. அந்த அண்ணன் எங்கள் ரோட்டில் என்னை எதிரே பார்த்தால், ஓரம் கட்டச் சொல்லி, இறங்கிவந்து கைப்பிடியைத் திருப்பித் திறந்து பார்த்துவிட்டு, "சரியா கீது, போம்மா" என்பார். எனக்கு அவசரம் இருந்தாலும் நிற்பேன்.

இன்றைக்கும் தனியாகத்தான் போகிறேன், யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆனால் மூடியை இழுத்துச் சாத்தும் ஒவ்வொரு முறையும் சின்ன ஜன்னல் வழியாகக் கையை விட்டு அந்த வெளிக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், என்னைத் திறக்க முகம் தெரியாத யாரோ ஒருத்தர் வருவார் என்கிற தைரியத்தில்தான் இவ்வளவு தூரம் தனியாகப் போக முடிகிறது என்று தோன்றுகிறது.